வெட்டி என்றொரு பதவி

— எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணோட அப்பாகிட்டப் போயி என்னை வெட்டின்னு சொல்லியிருக்கியேக்கா!

— தம்பி என்ன பண்றாருன்னு போன்ல கேட்டாரு. வேலை போயி நாலு மாசமா வீட்ல வெட்டியா இருக்கான்னேன். பொய்யா சொல்லச் சொல்றே? அந்த மூலையில திட்டுத் திட்டா தெரியுது பாரு ராசா, இன்னொரு தடவை பெயிண்ட் அடி.

— அடிக்கிறேன். ஆனா ஆராய்ச்சிபூர்வமா பார்த்தா நீ சொன்னது தப்பு. நேத்து சாயங்காலம் நூலகத்துல பெரிய அகராதியவே புரட்டிட்டு வந்துட்டேன்.

— அதுக்கும் நேரம் கெடக்கு உனக்கு. ஏணி ஆடுது, பாத்து.

— கேளு. அந்தக் காலத்துல ஊர் நிலமெல்லாம் ஒரு பெரிய மனுஷன் கையில. அவரு கூப்பிட்டா போயே ஆகணும். வாய்க்கால் தூர் வாரணும், மூட்டை தூக்கணும், அவரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். கூலின்னு சல்லிக்காசு கிடையாது. அந்த வேலைக்குப் பேருதான் வெட்டி.

— அடப்பாவமே! சோறாவது போடுவாங்களா?

— அகராதியில அது இல்ல.

— இங்க மூணு வேளையும் போடறேன். ஜன்னல் ஓரத்த விட்டுட்டியே ராசா.

— ஆராய்ச்சிபூர்வமா சொன்னா, வெட்டி பண்றவன் சோம்பேறியே இல்ல. முதுகு ஒடிய உழைக்கிறவன். சும்மா இருக்கிறவன வெட்டிங்கிறதெல்லாம் பின்னாடி வந்த பேச்சு.

— சரி, இந்த வாரம் நீ என்ன பண்ணினே?

— முந்தாநாள் உன் மாமியார் ரூம். நேத்து கூடம். இன்னிக்கு இது.

— கூலி?

— நீயா? எனக்கா? நல்லா கேட்டே!

— அப்போ நான் சொன்னதுல என்னடா தப்பு?

— சிரிக்காதேக்கா. அந்தப் பொண்ண எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போட்டோ பார்த்ததுலேர்ந்து தூக்கமே இல்ல. நீ கெடுத்த காரியம், நீயே சரிபண்ணு.

— அழாதே, பெயிண்ட்ல சொட்டும். இரு, போன் போடறேன்... ஹலோ, வணக்கங்க, பையனோட அக்கா பேசறேன். அன்னிக்கு வெட்டின்னு சொன்னேன்ல? அது அந்தக் காலத்து அர்த்தத்துல சொன்னதுங்க... ஆமாங்க, காசு வாங்காம உழைக்கிறவன்னு. எங்க வீடு பூரா அவன்தான் பெயிண்ட் அடிக்கிறான்... ஒத்தை ஆளாத்தாங்க... சேச்சே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான்... அப்படியா! ரொம்ப சந்தோஷங்க. வச்சிடறேன்.

— என்னக்கா சொன்னாரு? சீக்கிரம் சொல்லு.

— முழுச் சம்மதமாம் ராசா. நாளைக்குக் காலையிலேயே வரச் சொல்றாரு. அவங்களது மூணு மாடியாம், வரும்போது ஏணியையும் எடுத்துட்டு வரணுமாம்.