ஆயில் லைட் அணைந்த விதம்

ஒரு காருக்கு ரத்த அழுத்தம் பார்த்த கதை எனக்குத் தெரியும். எஞ்சின் ஓடவில்லை, சாவி அதில் இல்லை. ஆனாலும் நாடி அடித்தது. என் நாடியைவிட ஒழுங்காக!

மின்சாரம் போன இரவு, எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தபோது இப்படித்தான் ஆரம்பித்தேன். டீச்சரம்மா மெழுகுவத்தியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டே வந்து உட்கார்ந்தார். மேல்படியிலிருந்து என் சகலை மட்டும் சிரித்தார்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா! கார் பிரஷர் மாத்திரை போட்டுக்கிச்சான்னு கேளுங்க."

என் சகலை ஆயுள் முழுக்க மெக்கானிக். வலது கை ஆள்காட்டி விரலை ரேடியேட்டர் விசிறிக்குத் தாரை வார்த்தவர். பேய் என்று யாராவது சொன்னால் ஸ்பேனரைத் தேடுவார். நானோ ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போட்டே ஓய்வு பெற்றவன். ரத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் ரசனை அதிகம்.

"என் சிநேகிதர் ஒருத்தரோட சொந்தக்காரருக்கு நடந்தது. அவரும் மெக்கானிக்தான்," என்றேன், மேல்படியைப் பார்க்காமல்.

நள்ளிரவு தாண்டிய நேரம். ஊருக்கு வெளியே ஒரு சாலை. ஒரு பக்கம் மூடிக் கிடந்த ஆலை, மறுபக்கம் வறண்ட கால்வாய். நடுவில் ஒரே ஒரு தகரக் கொட்டகை… அதுதான் அவருடைய ஒர்க் ஷாப். மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டு… சொட்டு…

ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு காண்ட்ராக்டர். எருமையே ஒதுங்கி வழிவிடும் உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையின் கை முழங்கை வரை நனைந்திருந்தது. விடிவதற்குள் வெகுதூரம் போயாக வேண்டுமாம். ஆனால் வண்டியில் ஆயில் லைட் சிவப்பாக எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது.

மெக்கானிக் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது. அந்த லைட்டை எரியவைக்கும் சுவிட்ச் கோளாறோ என்று புதிது மாட்டினார். லைட் எரிந்தது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை முடுக்கி, எஞ்சினை ஓட விட்டார். முள் பூஜ்யத்தில் படுத்தே கிடந்தது.

"அதுவரைக்கும் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான்," என்றார் சகலை. "எண்ணெய் இருந்தும் பிரஷர் இல்லன்னா, அடியில சல்லடை அடைச்சிருக்கும். பம்பால இழுக்க முடியாது."

"அவரும் அச்சு அசலா இதையேதான் சொன்னாராம்!"

சகலை இதற்குச் சிரிக்கவில்லை.

எஞ்சினை அணைத்து, சாவியை மேசைமேல் வீசிவிட்டு, காரை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்தார் மெக்கானிக். எண்ணெய் வடிக்கும் போல்ட்டைத் திருகினார். சட்டியில் விழுந்தது கறுப்பாக இல்லை. கெட்டியாக… வெதுவெதுப்பாக… துருப்பிடித்த இரும்பு வாடையோடு. எனக்குச் சோறு போட்ட வாடை அது. ஒரு சட்டி நிறைந்தது என்று கேள்வி. நான் நாலு சட்டி என்கிறேன்.

கூடவே நீளமாக ஒரு முடிக்கற்றை வழுக்கி வந்து ஓட்டையில் தொங்கியது. நுனியில் ஒரு கிளிப்.

அடியிலிருந்து பார்த்தால் காண்ட்ராக்டரின் ஷூ மட்டும்தான் தெரியும். அது ஒரு அடி பின்வாங்கியது. மேலே குரல் கேட்டது.

"கழுவினேனே… நல்லா கழுவினேனே…"

அந்த நிமிடமே ஓடியிருக்க வேண்டும். ஆனால் தொழில் பழக்கம் விடுமா? எண்ணெய் வடிந்ததும் ஓட்டைக்குள் விரலை விட்டு இரும்புத் தூள் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் அதில்தான் தெரியும். கண் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குப் போய் விரலை உள்ளே விட்டது.

ஏதோ பிடித்தது.

இழுத்தார். விடவில்லை. டயரில் காலை உதைத்து இழுத்தார். ஈரக் குச்சியை முறுக்குகிற மாதிரி ஒரு சத்தம்… அப்புறம் சடக். அலறிக்கொண்டு வெளியே உருண்டார். ரத்தம் கூரை வரை பீய்ச்சி அடித்தது.

"கூரை வரைக்குமா?" என்றார் வாட்ச்மேன்.

"கூரையில ஓட்டை இருந்திருந்தா இன்னும் மேலயே போயிருக்கும்!"

அப்போதுதான் மீட்டரின் முள் எழுந்தது. பத்துக்கு வந்து நின்று… தட்… தட்… தட்… என்று துடித்தது.

காண்ட்ராக்டர் வெறி பிடித்தவராக ஒரு ஸ்பேனரை எடுத்தார். மீட்டரை நொறுக்க, எஞ்சின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த பானட்டுக்கு அடியில் தலையை விட்டார். துடிப்பு வேகமாயிற்று.

பானட் விழுந்தது. கழுத்தின்மேல்.

கால்கள் உதறின. பானட் மெல்லத் தானே எழுந்தது… விழுந்தது. எழுந்தது. விழுந்தது. ஸ்பேனர் தரையில் ணங்கென்றது. ஆள் மட்டும் விழவில்லை. தோள், மார்பு, இடுப்பு… எலும்பு நொறுங்க நொறுங்க, எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பூனைகூட நுழையாத இடுக்குக்குள் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு ஷூ மட்டும் கழன்று வெளியே விழுந்தது.

முள் நாற்பதில் போய் அசையாமல் நின்றது. பரிபூரண ஆரோக்கியம்! உள்ளே சிவப்பு லைட் ஒருமுறை எரிந்து அணைந்தது. சாவி இல்லை, லைட்டின் கம்பியும் மாட்டியிருக்கவில்லை. கார் ஜாக்கியிலிருந்து தொப்பென்று இறங்கி, ஓட்ட யாரும் இல்லாமலே சாலைக்குப் போயிற்று.

"மெக்கானிக் தட்டுத் தடுமாறி எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். கட்டுப் போட்டவன் நான். மயக்க மருந்துல எல்லாத்தையும் கொட்டிட்டார். பாத்தா, கையே இல்ல! முழங்கை வரைக்கும் சுத்தமா…"

"முழங்கை இல்லய்யா."

எல்லோரும் மேலே திரும்பினார்கள்.

"ஒரு விரல்தான்," என்றார் சகலை.

மெழுகு உருகி டீச்சரம்மாவின் கையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. "அப்ப… ரேடியேட்டர் விசிறின்னு சொன்னீங்களே?"

"அப்படிச் சொன்னாத்தாம்மா யாரும் மேல கேக்க மாட்டாங்க." அவர் வலது கையை மடியில் விரித்து வைத்து, விரல் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடந்துச்சு. பானட்டு, லைட்டு, எல்லாம் நடந்துச்சு. இந்த ஆளு ஒண்ணுதான் தப்பாச் சொல்லிட்டாரு. மொதல்ல அது என் விரலப் புடிக்கல."

"கடிச்சுச்சா?" என்றேன்.

"பல்லே இல்ல, சகலை. சப்புச்சு… பசியில கெடக்கற பச்சக் கொழந்த மாதிரி."