நோமல் எண்டு வந்த மூச்சு

தேத்தண்ணி வேண்டாம் வேரோனிக்கா அக்கா, இருங்கோ. இல்லை, சேர்ச்சால வரேல்லை. இக்னேசியஸ் அண்ணைக்குச் சுவாசப்பை ரெஸ்ற் எடுத்த ஆசுப்பத்திரியில வேலை செய்யிறன். சீச்சீ, அவை அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான். அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் பூசையும் முடிஞ்சுதெண்டு போன கிழமைதான் கேள்விப்பட்டன்.

பிறம்ரனில இரும்பு வார்க்கிற பாக்ரறிதானே? அந்த வார்ப்பு மண்ணின்ர தூசி சுவாசப்பையை அரிக்கும். அவரோட நிண்ட போலந்துக்காரனும் தொண்ணூற்றி நாலில அதே நாள்தான் ரெஸ்ற்றுக்கு வந்தவன். ஓம், யோசப். வயசும் உயரமும் கிட்டத்தட்ட ஒண்டு. ரெண்டு பேரும் குழாயில ஊதினது, சொன்னா நம்பமாட்டியள், ஒரே அளவு. யோசப்புக்குச் சுவாசப்பை பழுதெண்டு வந்துது. அடுத்த கிழமையே அவனைத் தூசி வேலையில இருந்து எடுத்துப்போட்டினம். அண்ணைக்கு நோமல், ஒரு குறையுமில்லையெண்டு வந்துது.

எப்பிடியெண்டோ? ஊத முன்னம் மிசின் கேக்கும். வயசென்ன, உயரமென்ன, ஆணோ பெண்ணோ, வெள்ளையோ இல்லையோ. வெள்ளை இல்லையெண்டு அமத்தினா, உவைக்குப் பிறப்பிலயே சின்னச் சுவாசப்பைதானெண்டு, இருக்க வேண்டிய அளவைத் தானே குறைச்சுப்போடும். பிறகென்ன, உள்ள மூச்சே போதும், நோமல் எண்டு வரும். மிசின் பழுதில்லை அக்கா, அதைச் செய்ததே அப்பிடித்தான்.

ஓம், படியேற இளைக்குதெண்டு டொக்ரரிட்டச் சொன்னவர். டொக்ரர் பேப்பரைப் பாத்திட்டு, உங்களுக்குக் குளிர் ஒத்துவரேல்லை எண்டவர். எட்டு வருசம் இந்தக் கனடாக் குளிரில இருந்த மனிசன். பிறகும் ரெண்டு வருசம் அதே தூசிக்குள்ளதான் வேலை.

நட்டஈடு குடுக்கிற கொம்பென்சேசன்காரரும் அந்தப் பேப்பரைக் காட்டித்தானே இல்லையெண்டவை? இந்தாங்கோ. அண்ணை ஊதினது மிசினில இன்னும் கிடக்கு. வெள்ளையெண்டு மாத்திப்போட்டு நேற்று அடிச்சு எடுத்தனான். இருக்க வேண்டியதில எழுபத்துநாலு வீதம்தான். எண்பதுக்குக் கீழ போனா சுவாசப்பை வருத்தம். இதையும் பழசையும் சேத்து அப்பீலுக்குக் குடுங்கோ. என்ர வேலையோ? போகும். போகட்டும்.

பழசில, கீழ கிடக்கிற கையெழுத்தோ?

என்ரதான். அண்டைக்கு என்னைக் கண்ட உடன, தம்பி தமிழோ எண்டு அவருக்குச் சரியான சந்தோசம். ஆள் வெள்ளையோ இல்லையோ எண்டு மிசின் கேட்டது. நான் அவரிட்டக் கேக்கவுமில்லை. அவரை ஒருக்காப் பாத்திட்டு, வெள்ளை இல்லையெண்டு அமத்தினன். நோமல் அண்ணை, யோசியாமல் வேலைக்குப் போங்கோ எண்டு தமிழில சொன்னதும் நான்தான்.