மூடிய சன்னலும் மூன்று குரல்களும்

வாசகப் பெருமக்களே, நல்ல பாட்டுக்கு நல்ல மூச்சு வேண்டும். இதை மறுப்பார் எவருமிலர். முப்பத்தோராண்டு எங்கள் கிராமத் தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய என்னைச் சென்ற மாதம் சபையார், ஒரு நன்றிப் பாடல்கூட இல்லாமல், விலக்கிவிட்டனர். இந்த அநீதிக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். எதையும் ஒளிக்க மாட்டேன். தீர்ப்பு உங்களுடையது.

சமோவாவில் பாட்டுப் போட்டி என்பது விளையாட்டன்று. போட்டி நாள் வரை புதுப்பாட்டு ஊரின் இரகசியம். ஆகவே பயிற்சி தொடங்கியதும் கண்ணாடிச் சன்னல்களையெல்லாம் சாத்திவிடுவோம். சாத்தாவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் சீமைப்பலா மரத்தடியில் சீட்டாடுவதுபோல் உட்கார்ந்து, மெட்டைத் திருடிக்கொண்டு போவர். ஒருமுறை அப்படிப் போனது. அந்தக் கோப்பை இன்னும் அவர்கள் மண்டபத்தில்தான் மினுங்குகிறது.

கொரோனா ஊருக்குள் வந்தபோது போட்டிக்கு மூன்று வாரமே இருந்தது. மருத்துவ நிலையத் தாதி ஃபெதுவாவோ வீடு தேடி வந்தாள்.

"வாத்தியாரே, பயிற்சிய நிறுத்துங்க. முடியலேன்னா சன்னலயாவது தெறந்து வைங்க. சின்னப் பசங்க நாலு நாள் இருமிட்டு எந்திரிச்சிருவாங்க. உங்க பின்வரிசை எந்திரிக்காது."

"பின்வரிசை எப்பவும் உக்காந்துதாம்மா பாடும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இயுதிதாவுக்குச் சர்க்கரை, சலெவாவோவுக்குச் சிறுநீரகம், பெனிதாலாவுக்கு இதயம் என்று விரல் மடக்கினாள். "இவங்க உடம்பு ஏற்கெனவே ஒரு சண்டை போட்டுட்டிருக்கு. ரெண்டாவது சண்டைக்கு அங்க ஆள் இல்ல."

அழகான வாக்கியம். பாட்டில் சேர்க்கலாமா என்றுகூட எண்ணினேன்.

வியாழக்கிழமை காலை எனக்குத் தொண்டை கரகரத்தது. அவள் கொடுத்துச்சென்ற சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. இரண்டாவது சற்று மங்கல். மங்கலான ஒன்றை நம்பி நாற்பது பேரின் உழைப்பை நிறுத்துவது நியாயமாகுமா? அட்டையை அடுப்பில் போட்டேன்.

மாலையில் சன்னல்களைச் சாத்தினோம். சர்க்கரைக்கு ஒரு கால்விரலைக் கொடுத்த பின்னும் நடையில் துள்ளல் குறையாத இயுதிதா வாசலில் நின்றாள்.

"வாத்தியாரே, குரல் தவளை மாதிரி இருக்கே. ஒண்ணும் இல்லையே?"

"நேத்து உங்களத் திட்டினது. ஒண்ணுமில்ல, உள்ள வா."

"அப்ப நாங்க ஒழுங்காப் பாடினா சரியாயிடும். வாங்கப்பா எல்லாரும், கிழவரக் காப்பாத்துவோம்."

கூடமே சிரித்தது.

இரண்டு மணி நேரம் பாடினோம். பின்வரிசையில் சுருதி விலகியதால் நானே அவர்கள் நடுவில் போய், ஒவ்வொருவர் முகத்தருகிலும் குனிந்து பாடிக்காட்டினேன். வேறெந்தக் குழுத்தலைவர் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வார்?

இருபத்தாறு பேருக்கு நோய் வந்தது. இருபத்து மூவர் பிழைத்து, மூன்றாம் ஞாயிறு விருந்தில் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டனர். தாதி விரல் மடக்கிய மூவர் மட்டும் அந்த விருந்துக்கு இல்லை.

சிந்தியுங்கள். ஒரே கூடம், ஒரே காற்று. என் மூச்சுதான் கொன்றதென்றால் அனைவரையுமன்றோ கொன்றிருக்க வேண்டும்? கொன்றது சர்க்கரை, கொன்றது சிறுநீரகம், கொன்றது இதயம். நான் கொடுத்தது இருமல் மட்டுமே.

இயுதிதாவை அடக்கம் செய்த அன்று இதையே ஃபெதுவாவோவிடம் விளக்கினேன். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சர்க்கரையோட அவ பதினஞ்சு வருஷம் வாழ்ந்தா, வாத்தியாரே. உங்களோட ரெண்டு மணி நேரம்."

துக்க வீட்டில் வாதாடுவது பண்பன்று.

பெருமக்களே, இனி உங்கள் கடமை. வரும் ஞாயிறு சபையில் எழுந்து நில்லுங்கள். பழைய வாத்தியாரை மீண்டும் அமர்த்துக என உரத்துக் கேளுங்கள். போட்டி தள்ளிப்போனதால் பாட்டு இன்னும் எவர் காதிலும் விழாமல் புதிதாகவே இருக்கிறது. பின்வரிசையில் மூன்று இடங்கள் உள்ளன. சர்க்கரையோ இதயமோ, எதுவும் தடையில்லை, குரலிருந்தால் போதும். வியாழன் மாலை நேரத்தோடு வாருங்கள். ஆறு மணிக்குச் சன்னல்களைச் சாத்திவிடுவேன்.