ஆசிக்கின் கணுக்கால்

காலையில் அலுவலகம் போகிற வழியில் எறும்புப் புற்றுக்கு ஒரு பிடி நொய்யரிசி போடுவது என் வழக்கம். இடையில் ஒரு நாள் போடாமல் விட்டால் மறுநாள் அவை இன்னும் வேகமாக வரும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர் அய்யா. அது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மேலகரத்தில் எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஆடும் இணைய பேஸ்பால் விளையாட்டுக்கு நாங்கள் கார்டு தயாரிக்கிறோம். ஒரு வீரனுக்கு ஒரு கார்டு. அடி, எறி, ஓட்டம், உடல் என்று அதில் நான்கு எண்கள். அணியைச் சேர்த்துவிட்டால் போதும், தினமும் மாலை நான்கு மணிக்கு ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும். புதுக் கார்டுகள் வந்து பழையவற்றை நசுக்கிவிடாமல் எண்களை ஏற்றி இறக்குவது என் வேலை. பேலன்ஸ் என்போம். ஒருவன் ஏறினால் இன்னொருவன் இறங்கத்தான் வேண்டும். அதில் எனக்கு ஒருநாளும் மனக்கஷ்டம் இருந்ததில்லை.

வடகரை அலிமா அம்மாவின் மகன் முகம்மது ஆசிக் துபாயில் வேலை பார்த்தவன். அறையில் உடன் தங்கியிருந்தவர்களிடம் இந்த ஆட்டத்தைக் கற்று, தன் பெயரிலேயே ஒரு கார்டு செய்து வைத்திருந்தான். விபத்தில் இறந்துபோனான். அவனுடைய போன் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதில் அவன் பெயர் தாங்கிய சின்ன உருவம் தினமும் நான்கு மணிக்கு மைதானத்தில் ஓடியது. மூன்று மாதம் யாரும் அணியைத் தொடாத கணக்குகளை அழித்துவிடுவோம் என்று எச்சரிக்கை போனதும், அந்த அம்மா உதவிப் பக்கத்துக்குத் தமிழில் பேசி அனுப்பினார். தமிழ் என்பதால் என்னிடம் வந்தது.

"தம்பி, எம்புள்ள மவுத்தானது எனக்குத் தெரியும். ஆனா அங்கன ஓடுதது அவந்தானே. அழிச்சிராதீங்க. தெனமும் அவுட் ஆகுதான், சோந்து போயிருக்கான் போல."

அழிக்கவில்லை. அடியை நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டாக ஏற்றினேன். அன்று மாலையே ஆசிக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தான். அந்த அம்மா அழுதுகொண்டே எனக்காக அல்லாவிடம் துவாச் செய்த குரலைக் கோயிலுக்குப் போகும் வழியில் நான்கு முறை கேட்டேன். அன்று சாமி முன்னால் நிற்கையில் கண் நிறைந்தது. இவ்வளவு சின்ன உதவிக்கு இவ்வளவு பெரிய நன்றி என்று நினைத்தேன்.

ஆனால் தினமும் அடிக்கிறவனுக்கு யார் துவாச் செய்வார்கள்? இரண்டு மாதத்தில் குரல் வருவது நின்று, "சரி தம்பி" என்று எழுத்தாக வந்தது. பிறகு அதுவும் இல்லை.

உடல் எண்ணை இறக்கினேன். கார்டில் சிவப்புச் சிலுவை விழுந்தது: கணுக்கால் காயம். மகன் எழுந்து ஓடும்வரை நோன்பு பிடிப்பதாக அந்த அம்மா நேர்ச்சை வைத்தார். மூன்றாம் நாள் குணமாக்கினேன். வந்த குரல் முதல் குரலைவிட நீளம். அதன் பிறகு இரண்டு முறை, நான்கு நாள், ஐந்து நாள். நாள் கூடக் கூட நன்றியும் கூடியது. அது நானாகக் கண்டுபிடித்தது.

அவருக்குச் சர்க்கரை உண்டு, ஊசி போடுகிறார் என்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

கடைசித் தடவை ஒன்பது நாள் என்று வைத்திருந்தேன். ஆறாம் நாள் மாலை அவர் மகள் மிஸ்ரியா ஒரு தூக்குப் போணியோடு மாடியேறி வந்தாள். தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்.

"அண்ணே, உம்மா ஊசியும் போட்டுக்கிட்டு நோன்பும் புடிக்கா. டாக்டர் ஏசுதாரு. நேர்ச்சை வச்சாச்சுன்னு ஒரே புடி. உங்களால சரி பண்ண முடியும்னா பண்ணிருங்கண்ணே."

அதெல்லாம் கம்ப்யூட்டர் செய்வது, என் கையில் ஒன்றுமில்லை என்றேன். அவள் போணியை மேசையில் வைத்தாள். நோன்புக் கஞ்சி. தான் நோன்பு திறக்கும் முன்னால் எனக்கு வந்து சேர வேண்டும் என்று உம்மா கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

எண்ணை மாற்ற அரை நிமிடம் போதும். பக்கத்தைத் திறந்துகூட வைத்தேன். பிறகு கஞ்சி ஆறிவிடுமே என்று குடிக்க உட்கார்ந்தேன். நல்ல கஞ்சி. அடியில் நின்ற தேங்காய்த் துருவலை விரலால் வழித்தேன். இன்னும் மூன்று நாள்தானே என்று பக்கத்தை மூடினேன்.

எட்டாம் நாள் மதியம் அந்த அம்மா அடுப்படியில் விழுந்துவிட்டார். எழவில்லை.

எண்ணை மாற்றினால் யார் மாற்றியது என்று பதிவாகும். ஆசிக்கின் கார்டில் பத்து மாற்றம், பத்தும் முத்துகுமரன் என்ற என் பெயரில் என்று எங்கள் மேலாளர், விசாரிக்க வந்த அந்தப் பெண்ணிடம் காட்டிவிட்டார். அவள் என் மேசைக்கு வந்து காலிப் போணியை எடுத்தாள்.

"எங்கும்மா மவுத்தானதக்கூடத் தாங்கிக்கிடுவேன். இந்தக் கஞ்சிய குடிச்சீங்கல்லா, அத நெனச்சாத்தான் குமட்டுது."

படியிறங்கி, தெருக்குழாயடியில் போணியைக் கவிழ்த்து மண் போட்டுத் தேய்த்தாள். பிறகு அதையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். நான் அதைக் கழுவித்தான் வைத்திருந்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த அம்மா இறந்த அன்று மாலையே ஆசிக்கைக் குணமாக்கிவிட்டேன். அடியைத் தொண்ணூறுக்கு ஏற்றியிருக்கிறேன். நேற்றும் இரண்டு முறை வேலிக்கு அப்பால் அடித்தான். அந்த வீட்டிலிருந்து இதுவரை ஒரு வார்த்தை நன்றி வரவில்லை.