ஊசிமுனை மாங்கனீஸ்

என் ஆராய்ச்சி மாணவி ஷைமாவுக்குத் தேங்காய் பன் பிடிக்கும். எங்கள் ஆய்வகத்துக்குக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வரும் நாளெல்லாம், சூலூரிலிருந்து வரும் வழியில் சூடாக ஒன்று வாங்கி வருவேன். பேராசிரியர் கிருபாசங்கராகிய என்னை மாதிரி மாணவிக்குப் பன் வாங்கித் தரும் கைடு வேறு யார் என்று விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்களே சொல்லுங்கள்.

ஆராய்ச்சி எளியதுதான். ஈயத்தைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியவைத்துக் குளிர்வித்தால், ஏழு கெல்வின் அளவில், அதாவது மைனஸ் 266 டிகிரியில், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். எலக்ட்ரான்கள் அப்போது ஜோடி சேர்ந்து போகின்றன. மாங்கனீஸ் போன்ற காந்தக் குணமுள்ள அணு ஆயிரத்தில் ஒன்று கலந்தால் போதும், ஜோடிகள் பிரிந்துவிடும்; இன்னும் குளிர்வித்தால்தான் சேரும். நிச்சயமான கல்யாணத்தைக் கலைக்க ஒரு பெரியப்பா போதாதா?

படலம் மெலிந்தால் ஐந்து கெல்வினில்தான் தடை மறையும் என்று பதினைந்து வருடம் முன்பு கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவன் நான். ஷைமாவின் முதல் படலத்தில் ஏழிலேயே மறைந்தது.

"ஏனுங்க சார், அப்ப உங்க சேம்பர்ல அழுக்கு ஏதாச்சும் இருந்திருக்குமுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஒருக்கா வந்தாப் பத்தாது கண்ணு, திரும்பவும் வரோணும். மொதல்ல பன்னைத் தின்னுபோட்டு வா."

அவள் வெளியே போன நேரத்தில் ஈயத்தோடு ஊசிமுனையளவு மாங்கனீஸைப் போட்டேன். ஏழு ஐந்தாக இறங்கியது. ஹீலியம் மாதம் ஒரு முறைதான் வரும். இரண்டு வருடம் இப்படியே போனது. அந்த ஏழு திரும்ப வரவேண்டும் என்று உக்கடத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து எல்லாவற்றையும் அமிலத்தில் கழுவுவாள். தன் மேலிருந்துதான் ஏதோ உதிர்கிறது என்று வளையல், தோட்டைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "உன்ற கை அப்படி, கண்ணு" என்று தேற்றினேன்.

உதவித்தொகை முடிய ஒரு மாதம் இருந்தபோது மனசு கேட்கவில்லை. கடைசிப் படலத்தில் நான் எதையும் கலக்கவில்லை. ஏழு கெல்வினில் தடை சுத்தமாக மறைந்தது. அவளுக்குப் பட்டம் வாங்கித் தர அது போதும்.

ஷைமா திரையையே பார்த்தாள். "மெஷின் தப்பாக் காட்டுதுங்க சார். என்ற கையில அப்படி வராதுங்க" என்றாள். அந்த அளவீட்டை அழித்தாள். பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை.

அழித்தது அவள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.