வீட்டு விசயம், புகார் இல்லை

அடுத்தவருக்கு வந்த கடிதத்தை நான் ஒருநாளும் பிரித்ததில்லை, இன்ஸ்பெக்டர். மனைவிக்கு வருபவை வேறு. அவை என் முகவரிக்கு வருபவை. முப்பத்தொரு வருடம் அரசாங்க உத்தியோகம், அதில் பத்து வருடம் தலைமைக் குமாஸ்தா. "வீரசிங்கம் வாயைத் திறந்தால் விதி எண்தான் வரும்" என்று பிரிவுபசாரத்தில் மேலதிகாரி பாராட்டினார். ஏனோ எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த வருட ஓய்வூதியர் சங்க மலருக்கு 'இல்லத்தின் அந்தரங்கம்' என்றொரு கட்டுரை எழுதினேன். ஒருவன் தன் கதவைச் சாத்திய பிறகு அரசாங்கமும் அயலாரும் வெளியே நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். மனைவி இராசேஸ்வரிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டாள். நான் நாற்காலியை நகர்த்தினாலே எழுந்து நிற்பாள்; இருபத்தாறு வருடத்தில் வந்த நல்ல பழக்கம்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு வீரம்மா, லோரி ஓட்டுபவரின் மனைவி, கேட்டருகே என்னை மறித்தாள்.

"ஆன்டி கை ஏன் அப்படி வீங்கியிருக்கு அங்கிள்? நேத்து சுவத்துக்கிட்ட நின்னு அழுதாங்க. இன்னொரு தடவ சத்தம் கேட்டா போலீசுக்குப் போன் அடிச்சிருவேன் லா."

எங்கள் வீட்டு விசயம் சுவர் தாண்டிவிட்டது. உள்ளே போய், குசினியில் சமைத்துக்கொண்டிருந்த இராசேஸ்வரியிடம் அமைதியாகத்தான் கேட்டேன்.

"அவளுக்கு என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கையை அவ கண்டிட்டா. சத்தியமா சொல்லேல்லை."

சத்தியம் செய்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு தடவை தள்ளினேன். இரண்டாவது தடவை ஆட்டுக்கல் இருந்த பக்கமாக. ஒருமுறை வீரிட்டாள். பிறகு அவள் கால்கள் அசையவில்லை. கண்கள் மட்டும் என்னைப் பின்தொடர்ந்தன.

பத்து நிமிடத்தில் ஒரு கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையில் கன்னையா என்று பெயர். சின்ன வயது.

"பக்கத்துல போன் பண்ணாங்க அங்கிள். உள்ள வந்து பாத்துட்டுப் போயிரட்டுமா?"

"வாரன்ட் இருக்கோ, கான்ஸ்டபிள்?"

"அதெல்லாம் இல்ல அங்கிள். ஆன்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும்."

கட்டுரையின் இரண்டாம் பத்தியை மனப்பாடமாகச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார். ஆனால் சாமி விளக்கு எரிவதைக் கண்டதும், உள்ளே வருவதற்காகப் பூட்ஸ் நாடாவை அவிழ்க்கக் குனிந்துவிட்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து குரல் வந்தது.

"தம்பி... தம்பி..."

யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவள். தன்னிலும் இளையவர் யாராக இருந்தாலும் அவளுக்குத் தம்பிதான். பேப்பர்காரர், தபால்காரர், இப்போது போலீஸ். கன்னையாவுக்கு அது தன்னைத்தான் என்று தோன்றவில்லை. உடுப்புப் போட்ட நாளிலிருந்து எல்லாரும் அவரை 'சார்' என்றே கூப்பிட்டிருப்பார்கள் போலும்.

"யாரு அங்கிள்?"

"கிள்ளான் பட்டணத்தில இருக்கிற தன்ர தம்பியோட போன்ல கதைக்கிறா. குடும்பச் சங்கதி. நீங்கள் நிண்டு கேக்கிறது வடிவில்லை."

டெலிபோன் எனக்குப் பின்னால், ஸ்டூலின் மேல் இருந்தது. அதை மறைத்து நின்றேன். இராசேஸ்வரி ஒரே பிள்ளை, தம்பி கிடையாது.

கன்னையா நாடாவை விட்டு நிமிர்ந்தார். வெட்கப்பட்டார் என்றே நினைக்கிறேன். "சாரி அங்கிள், ஒட்டுக் கேக்கல." நோட்டை எடுத்து, 'வீட்டு விசயம், புகார் இல்லை' என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "இனிமே சத்தம் வராம பாத்துக்குங்க அங்கிள். பக்கத்துல பயப்படுறாங்க."

பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன்.

மோட்டார் சைக்கிள் கிளம்பியதும் அவள் உரக்கக் கத்தத் தொடங்கினாள். "தம்பி, போகாதேங்கோ! தம்பி!" சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது. எங்கள் குசினி ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். கூடத்து நாற்காலியிலிருந்து குஷனை எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆஸ்பத்திரியில கேட்டா, நானே விழுந்திட்டன் எண்டு சொல்லுறன்."

இந்த முறை நம்பினேன். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் ஆம்புலன்ஸ்காரர், நர்ஸ், டாக்டர், எத்தனை அந்நியர்கள். அரசாங்க ஊழியர் ஒருவருக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. குஷனை அவள் முகத்தில் வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஆறு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். மூன்றே போதும் என்று பிறகு எங்கோ வாசித்தேன். சரியாகத் தெரியாத விசயத்தில் கூடுதலாகச் செய்வது என் வழக்கம்.

மறுநாள் வீரம்மா மறுபடியும் உங்களுக்குப் போன் செய்தாளாம். இந்தத் தடவை, சத்தமே கேட்கவில்லை என்று புகார். அது எந்தச் சட்டத்தில் எத்தனையாவது பிரிவில் வருகிறது, இன்ஸ்பெக்டர்?