பேச்சியம்மாளின் கையிலிருந்த கருவி

பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் போதும், இன்ஸ்பெக்டர் தங்கராஜு. சர்க்கரை சேர்த்தால் எனக்குத் தேநீரின் வாசனையே தெரியாது.

செந்தூரனிடம் நீங்கள் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள். நல்லவன், பயந்தவன். பத்து பாகாட் நகர ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் உருவாக்கிய கருவியைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் உண்மை. மின்சாரம் கடத்தும் பாலிமர் படலம், அதற்குள் ஒரு நொதி. தோலுக்கடியில் செருகிவிட்டால், சர்க்கரை நொதியைத் தொடும்போது சிறு மின்னோட்டம் பிறக்கும். அதுதான் திரையில் எண்ணாகத் தெரியும்.

லாபிஸ் ஊரில் சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களில் பேச்சியம்மாளைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். தினமும் இன்சுலின் போடுபவர். நான் போனால் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கட்டி வைத்திருப்பார். "குத்திக் குத்தி விரலெல்லாம் மரத்துப் போச்சு மிஸ். உங்க மெஷின் வந்துதான் நிம்மதி" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் செந்தூரன் ஆய்வகத்தில் கருவியை ஒரு குவளைச் சர்க்கரைக் கரைசலில் வைத்து, அதில் பாராசிட்டமாலைக் கலந்து காட்டினான். சர்க்கரை ஏறவில்லை, எண் மட்டும் ஏறியது.

"நிறுத்திடலாம்கா. காய்ச்சலுக்கு யாராவது மாத்திரை போட்டா என்னாகும்?"

"குவளை வேற, உடம்பு வேற லா. படலம் தடுத்துடும்."

அவன் நம்பவில்லை. நம்பாதவனுக்குச் செய்துதானே காட்ட வேண்டும்?

பேச்சியம்மாளுக்கு முழங்கால் வலி. பாராசிட்டமாலை நானே கொடுத்தேன், கொஞ்சம் தாராளமாகவே. விரலைக் குத்திப் பார்க்கும் பழைய மீட்டரை அவரிடமிருந்து வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு எண்களைப் பார்த்தால் வயதானவர்கள் குழம்பிப் போவார்கள்.

மறுநாள் காலை போன் செய்தார்.

"மிஸ், எப்பவும் ஏழு, எட்டு காட்டுற மெஷின் இருபதுக்கு மேல காட்டுது. பாத்துட்டு ஒரு ஊசி போட்டேன். இப்ப கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. சர்க்கரை கொறஞ்சாத்தான் எனக்கு இப்படி வரும். இனிப்பா மைலோ கலக்கிக் குடிக்கவா?"

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"இருபத்திரண்டு."

"அப்ப மெஷின் சொல்றதக் கேளுங்கம்மா. இன்னொரு ஊசி போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். போனை வைக்க வேண்டாம் என்றேன். எண்ணை வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டேன்; நாக்குக் குழறியது. அதற்குப் பிறகு பதில் இல்லை.

ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாமே என்கிறீர்கள். அழைத்திருந்தால் கருவி பொய் சொல்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். மதியம் மகள் கஸ்தூரி வரும்வரை அவர் சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறார். மருத்துவமனையில் இறந்தார்.

எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தது நான். மீட்டரை எடுத்துக்கொண்டது நான். ஊசி போடச் சொன்னதும் நான்தான். செந்தூரனுக்கு இதில் பங்கில்லை. இதையெல்லாம் நான் தலை குனிந்து சொல்லவில்லை என்பதையும் எழுதுங்கள்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய இல்லவே இல்லை என்கிறது மருத்துவமனை. என் கருவி கடைசிவரை இருபத்திரண்டுதான் காட்டியது. அவர்கள் அந்த இரத்தத்தை இன்னொரு முறை சோதித்துப் பார்க்கட்டும்.